71-இல் அந்த ஒன்று

ஒரு வீட்டின் வரைபடத்தைப் பார்த்து அது சுற்றுச்சூழலுக்கு எவ்வளவு இசைவானது என்று சொல்ல, செயற்கை நுண்ணறிவை (ஏஐ) வைத்து நானும் நண்பனும் செய்த மென்பொருள் கருவியை முதன்முதலில் வெளியாள் ஒருவரிடம் காட்டியது ஒரு சனிக்கிழமை மதியம். சென்னையில் முப்பது வருடமாகத் தனியாக அலுவலகம் நடத்தும் ஆர்க்கிடெக்ட் அவர். பெயர் வேண்டாம், மேடம் என்றே சொல்கிறேன். அவர் அறையில் ஏசி இருந்தது, ஓடவில்லை. ஜன்னல் திறந்திருந்தது. விசிறிக் காற்றில் வரைபடங்கள் பறக்காமலிருக்க அரைச் செங்கல் ஒன்றை மேலே வைத்திருந்தார்.

தான் கட்டி முடித்த ஒரு வீட்டின் வரைபடங்களையும் எஸ்டிமேட்டையும் பென் டிரைவில் கொடுத்தார். ஏற்றினோம். கருவி நாற்பது வினாடி யோசித்தது. பிறகு திரையில் பச்சை வட்டம் ஒன்று மெல்ல நிரம்பி, நடுவில் 71 என்று வந்து நின்றது. கீழே, ‘இது சுற்றுச்சூழலுக்கு இசைவான கட்டடம்’ என்று ஒரு வரி. அந்த வட்டம் நிரம்பும் அழகுக்காகவே நான் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

“எழுபத்தொண்ணா?”

“ஆமா மேடம், நூத்துக்கு.”

“எழுபது இல்ல, எழுபத்தொண்ணு. அந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?”

நானும் நண்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நண்பன் சமாளிக்கப் பார்த்தான். மழைநீர் சேகரிப்பு இருக்கிறது, சன்ஷேட் இருக்கிறது, எல்லாவற்றையும் ஏஐ சேர்த்துப் பார்த்து என்று இழுத்தான். “சரி, இன்னொரு தடவ ஓட்டுங்க” என்றார். ஓட்டினோம். 68. மூன்றாவது முறை 74. வரைபடத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

“உங்க மிஷினுக்கு மூடு மாறுமோ?” என்று கேட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

நான் கட்டடக் கலை படித்தவன் இல்லை. மென்பொருள்களுக்குத் திரை வடிவமைப்பவன். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்தக் கேள்வியை எப்போது கேட்க வேண்டும், இதுதான் என் பிழைப்பு. நண்பன் பி.ஆர்க். முடித்து, ஐந்து வருடம் சைட் சைட்டாக அலைந்துவிட்டு, வெயிலில் நின்றது போதும் என்று நிரல் எழுத வந்தவன். யோசனை அவனுடையது. அவனுக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. ஒரு கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்னும், அதைக் கட்டுவதற்கே எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கும் என்பதெல்லாம் தெரியவரும்போது, எதையும் மாற்ற முடியாத கட்டத்துக்கு வேலை போயிருக்கும். வீடு எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் நீளம், ஜன்னல் எங்கே, கூரை என்ன என்பதெல்லாம் முதல் இரண்டு மூன்று சந்திப்பில், டிரேசிங் பேப்பரில் பென்சில் ஓடும்போதே முடிவாகிவிடுகிறது.

கணக்குப் போட மென்பொருள் இல்லாமல் இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகவே தரும் எனர்ஜிபிளஸ் இருக்கிறது. வருடத்தின் 8,760 மணி நேரத்துக்கும் ஊரின் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாவற்றையும் வைத்துக் கட்டடத்தை ஓட்டிப் பார்க்கும். ஆனால் அது சுவரின் ஒவ்வொரு அடுக்கையும் கேட்கும், கண்ணாடியின் குணங்களைக் கேட்கும், எந்த நேரத்தில் எத்தனை பேர் வீட்டில் இருப்பார்கள் என்று கேட்கும். பென்சில் ஓடும் நாளில் இதில் எதற்கும் பதில் இருக்காது. மூன்று பேர் வேலை பார்க்கும் அலுவலகம், 1,500 சதுர அடி வீட்டுக்கு இதற்கென்று ஒரு ஆலோசகரை வைத்துக்கொள்ளவும் முடியாது.

மதிப்பெண் என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது பசுமைக் கட்டடச் சான்றிதழ்களைப் பார்த்துத்தான். ஹைதராபாத்தில் இந்தியத் தொழில் கூட்டமைப்பு கட்டிய பசுமை வணிக மையத்தை 2004-இல் அப்துல் கலாம் திறந்து வைத்தார். லீட் என்ற அமெரிக்கச் சான்றிதழின் உச்சநிலையான பிளாட்டினத்தை அமெரிக்காவுக்கு வெளியே வாங்கிய முதல் கட்டடம் அதுதான். 2001-இலேயே ஐஜிபிசி, அதாவது இந்தியப் பசுமைக் கட்டட மன்றம், வந்துவிட்டது. பிறகு 2007-இல் டெரி நிறுவனமும் மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து கிருஹா என்ற இந்திய முறையைக் கொண்டுவந்தன. இவை எல்லாமே புள்ளிகளைக் கூட்டி நட்சத்திரமோ பதக்கமோ தருபவை. சிறிய வீடுகளுக்கான வடிவங்களும் உண்டு. ஆனால் நான் ஏறி இறங்கிய சின்ன அலுவலகங்களில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் சொற்பம். அந்தப் புள்ளிக் கணக்கை நாற்பது வினாடிக்குச் சுருக்கித் தருவோம் என்பதுதான் எங்கள் திட்டம்.

டீ குடித்துக்கொண்டே மேடம் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கப்புறம் நாங்கள் செய்த எல்லாமே அதிலிருந்து வந்ததுதான். “எனக்கு மார்க் வேண்டாம்ப்பா. மார்க்கச் சொன்னா கிளையன்ட் ‘அப்போ நூறு வாங்க எவ்வளவு ஆகும்’னு கேப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருத்தர் வர்றார், மேற்குப் பக்கம் தரையிலேருந்து கூரை வரைக்கும் கண்ணாடி வேணுங்கறார். வேண்டாம்னு நான் சொல்றதுக்கு ஒரு காரணம் குடுங்க. ரூபாயில இருந்தா நல்லது.”

அன்று இரவே கருவியைப் பிரித்துப் போட்டோம். ஏஐ என்ன படித்தது, எதை எதோடு பொருத்தியது, எங்கிருந்து எண்களை எடுத்தது என்று வரிவரியாகப் பார்த்தோம். அப்போதுதான் சுருக்கி அகப்பட்டது.

தமிழ்நாட்டில் எந்த வீட்டு எஸ்டிமேட்டை எடுத்தாலும் ‘வெதரிங் கோர்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். மொட்டை மாடியில் கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். சுருக்கி போடுவது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். எங்கள் ஏஐ இந்த வரியைப் பொருள் பட்டியலில் தேடியிருக்கிறது. சுருக்கி அந்தப் பட்டியலில் இல்லை. ‘வெதரிங் ஸ்டீல்’ இருந்தது, பாலங்களுக்கும் சிற்பங்களுக்கும் பயன்படும், மேலே பிடித்த துருவே கவசமாகிவிடும் ஒருவகை உருக்கு. பெயர் பாதி ஒத்துப்போனதும் எடுத்துப் பொருத்திவிட்டது. ஆயிரம் சதுர அடி மாடி, நான்கு அங்குலக் கனம். அதாவது மேடத்தின் வீட்டுக்கு மேல் கிட்டத்தட்ட 74 டன் இரும்பை ஏற்றி வைத்திருந்தோம். வீடு இடிந்திருக்கும்.

எனக்கு உறைத்தது வேறு விஷயம். 74 டன் இரும்பைத் தலையில் வைத்துக்கொண்டும் அந்தக் கருவி 71 கொடுத்தது. மதிப்பெண்ணை முடிவு செய்ததும் ஏஐதான் என்பதால், இத்தனை பெரிய தப்பு அந்த அழகான வட்டத்துக்குள் ஓசையில்லாமல் கரைந்துபோயிருந்தது.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. ‘எம்-சாண்ட் 12 யூனிட்’ என்றால் நம் ஊரில் 1,200 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்பது லாரிக்காரருக்குத் தெரியும், சித்தாளுக்குத் தெரியும். ஏஐ அதைப் பன்னிரண்டு உருப்படி என்று எடுத்துக்கொண்டது. இன்னொரு வீட்டில் ராட் டிராப் பாண்ட் சுவர். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை, செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டி நடுவில் வெற்றிடம் விடுவது, ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும். பிளானில் பார்த்தால் அதுவும் மற்றச் சுவர்களைப் போல ஒன்பது அங்குலம்தான். உள்ளே பொள்ளல் என்று கோட்டுக்கு எப்படித் தெரியும்?

இதைவிட நுட்பமான ஒரு தப்பும் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஏஐ எழுதிய ஆலோசனைகள் படிக்க மிக நன்றாக இருந்தன. ‘தெற்குப் பக்கம் ஜன்னல்களைப் பெரிதாக்கினால் குளிர்கால வெயில் உள்ளே வந்து அறையைக் கதகதப்பாக வைத்திருக்கும்’ என்று சென்னை வீட்டுக்கு எழுதியிருந்தது. நமக்கு எதற்குக் கதகதப்பு? கட்டடங்களைப் பற்றி இணையத்தில் கிடக்கும் எழுத்தில் பெரும்பங்கு குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது, எங்கள் ஏஐ அங்கே படித்துவிட்டு வந்திருக்கிறது. சென்னை இருப்பது வட அட்சரேகை 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் உச்சி வெயிலே நமக்கு வடக்கே போய்விடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சுவரிலும் வெயில் அடிப்பதை இங்கே வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். ‘வடக்கு எப்போதும் நிழல்’ என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஓர் ஆலோசகரைத்தான் நாங்கள் வேலைக்கு வைத்திருந்தோம்.

ஆக, வேலையைப் பிரித்தோம். ஏஐ படிக்க மட்டும் செய்யும். வரைபடத்தைப் பார்த்து, எஸ்டிமேட்டைப் பார்த்து, ‘இது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்று நினைக்கிறேன், இங்கே பார்த்தேன்’ என்று அந்த இடத்தை வரைபடத்தில் கட்டம் போட்டுக் காட்டும். ஆர்க்கிடெக்ட் சரி என்றால் சரி, இல்லையென்றால் திருத்தலாம். கணக்குப் போடுவது சாதாரண நிரல், பழைய கால்குலேட்டர் மாதிரி. ஒரே வீட்டை நூறு தடவை கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும். மூடு மாறாது. கேட்க இது எளிய மாற்றமாகத் தெரியும். எங்களுக்கோ நான்கு மாதம் எழுதியதில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியிருந்தது. வட்டமும் போனது.

கணக்குக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் வீடுகளுக்காக 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு. பெயர்தான் சமஸ்கிருதம், உள்ளே இருப்பவை பள்ளிக்கூடக் கணக்குகள். அதில் ஆர்இடிவி என்று ஒன்று. கூரையை விட்டுவிட்டு, வெளிச்சுவர்கள், ஜன்னல்கள் வழியாகச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது என்ற அளவு. 15-க்கு மேல் போகக்கூடாது. கூரைக்குத் தனிக் கணக்கு, அதன் யு மதிப்பு 1.2-ஐத் தாண்டக்கூடாது. யு மதிப்பு கூடினால் வெப்பம் சுலபமாக உள்ளே வருகிறது என்று பொருள். ஆறு அங்குலக் கான்கிரீட் தளத்தை அப்படியே வெறுமனே விட்டால் அது 3-ஐத் தாண்டும். கடைசி மாடியில் குடியிருந்தவர்களுக்கு இந்த எண் தேவையில்லை, ராத்திரி பதினொரு மணிக்கும் விசிறி வெந்நீரை ஊற்றுவது போல இருக்கும்.

எனக்குப் பிடித்தது ஜன்னல் விதி. சென்னை மாதிரி வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், வீட்டின் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடிய ஜன்னலாகவும் வெளிக் கதவாகவும் இருக்க வேண்டும். வீடு முழுவதற்கும் சேர்த்துத்தான் கணக்கு என்றாலும் ஓர் அறையை வைத்துப் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, 120 சதுர அடி. 20 சதுர அடி திறக்க வேண்டும். ஐந்துக்கு நான்கு ஜன்னல் வைத்தால் கணக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் இப்போது எல்லோரும் வைப்பது ஸ்லைடிங். அதில் ஒரு கண்ணாடியை நகர்த்தினால் இன்னொன்றின் மேல் போய் நிற்கும், திறப்பது பாதிதான். 20-க்குப் பதில் 10. அந்தக் காலத்துக் கதவு ஜன்னலைத் தள்ளித் திறந்தால் ஏறக்குறைய முழுதும் திறக்கும். காற்றைப் பாதியாக்கும் இந்த மாற்றம் எந்தப் பிளானிலும் கண்ணில் படாது, ஏனென்றால் மேலிருந்து பார்க்கையில் இரண்டும் சுவரில் ஒரே நீள ஓட்டைகள். இந்த இடத்தில் ஏஐ நன்றாகவே உதவியது. ஜன்னல் அட்டவணையில் ‘எஸ்’ என்று குறித்ததையெல்லாம் தேடி எடுத்து, ‘இவை ஸ்லைடிங்கா?’ என்று கேட்கும். தப்பான கேள்வியாக இருந்தாலும் நஷ்டம் இல்லை, ஒரு தட்டு தட்டினால் போய்விடும்.

மேற்குக் கண்ணாடிக்கு வருவோம். மேடத்துக்கு ரூபாயில் காரணம் வேண்டும் அல்லவா? அந்த அறையில் ஒன்றரை டன் ஏசி. தோராயமாக மணிக்கு ஒரு யூனிட், தினம் எட்டு மணி நேரம், வருடத்தில் 200 நாள் என்று வைத்தால் 1,600 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவை ஒட்டிக் கார்பன் டை ஆக்சைடு, ஆக வருடத்துக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே ஓர் அறைக்கு. கண்ணாடியைக் குறைத்து சன்ஷேட்டை நீட்டினால் இந்த 1,600-இல் எவ்வளவு குறையும் என்பதை யூனிட்டிலும் ரூபாயிலும் காட்டினோம். கார்பன் கடைசி வரியில் சின்ன எழுத்தில். வாடிக்கையாளர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை என்பது தெரிந்தே அங்கே வைத்தேன். படிப்பவர் ஆர்க்கிடெக்ட், அவருக்கு அது போதும்.

கட்டுவதற்கே ஆகும் கார்பன்தான் எங்களை ரொம்பப் படுத்தியது. ஆயிரம் சதுர அடி வீடு என்றால் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், நான்கு கிலோ கம்பி என்று எந்த இன்ஜினியரும் கைக்கணக்காகச் சொல்வார். 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட். நான்கு டன் கம்பி. சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் (ஓபிசி) என்றால் டன்னுக்கு 0.9 டன்னை ஒட்டி, சிமெண்ட்டுக்கு மட்டும் 18 டன் கார்பன் டை ஆக்சைடு. இதில் பெரும்பகுதி சூளைக்கு எரிக்கும் நிலக்கரியால் வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருந்ததே வெளியேறுகிறது. அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் 12, 13 டன்னில் நிற்கும். ‘பிபிசிக்கு மாறினால் 5 டன் மிச்சம்’ என்று கருவி பெருமையாகச் சொன்னது.

“நான் பத்து வருஷமா அதுதானே வாங்கறேன்? கடையில போய் சிமெண்ட்னு கேட்டாலே அதுதான் தர்றான்” என்றார் மேடம்.

செய்யாத தப்பைத் திருத்தியதாகச் சொல்லி ஐந்து டன் மிச்சம் காட்டியிருந்தோம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை மாற்றினால் எந்த வீட்டையும் நல்ல வீடாக்கிக் காட்டலாம். இப்போது கருவி, இந்த ஊரில் இந்த அளவு வீட்டை வழக்கமாக எப்படிக் கட்டுவார்கள் என்பதோடுதான் ஒப்பிடும். மிச்சம் சின்னதாகிவிட்டது. சில பேருக்கு அதில் வருத்தம்.

பிறகு பட்டை. கம்பி எந்த ஆலையில் உருக்கியது என்று தெரியாமல் அதன் கார்பனை ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது. பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா, நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் இரும்பா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால் ஓர் எண்ணுக்குப் பதில் ‘இத்தனையிலிருந்து இத்தனை வரை’ என்று ஒரு பட்டையாகக் காட்ட முடிவு செய்தோம். இது என் துறை, எனவே கொஞ்சம் அதிகமாகவே மினுக்கினேன். நடுவில் அடர்த்தியாகவும் ஓரங்களில் மங்கலாகவும், சந்தேகத்தையே வண்ணமாகத் தீட்டியது போல ஒரு பட்டை. திரையில் அருமையாக இருந்தது. மேடம் அதைத் தன் அலுவலகக் கறுப்பு வெள்ளை பிரிண்டரில் அச்சிட்டு எடுத்துவிட்டு, “டோனர் தீந்துருச்சு போல” என்று பையனை அழைத்தார்.

மங்கலை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு, கீழே ஒரே வாக்கியம்: ‘இந்தக் கணக்கில் பெரிய சந்தேகம் செங்கல்லில் இருக்கிறது.’ அல்லது கம்பியில், அல்லது கூரையில். தெரியாதவற்றை ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டிப் பார்த்து, எது விடையை அதிகம் ஆட்டுகிறதோ அதைக் கருவியே கண்டுபிடித்துச் சொல்லும். அதற்கு ஏஐ தேவையில்லை, பொறுமையான கணினி போதும். அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கும். ஒரு நேரத்தில் மூன்று கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது என்பது நான் போட்ட விதி. ஆரம்பத்தில் 42 கேள்விகள் வைத்திருந்தோம், யாரும் ஆறைத் தாண்டவில்லை.

பட்டை எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. “இதுலேருந்து அது வரைக்கும்னா, உங்களுக்கே தெரியலன்னுதானே அர்த்தம்?” என்று ஒரு பில்டர் கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவர் மதிப்பெண் தரும் வேறொரு கருவிக்குப் போய்விட்டார். இன்னொரு அலுவலகத்தில் நடந்தது அதைவிட மோசம். ஆர்இடிவி 15-க்குக் கீழே வரும் வரை கண்ணாடியின் வகையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 14.8 வந்ததும் அறிக்கையை அச்சடித்தார்கள். சைட்டில் மாட்டியது கடையில் கிடைத்த ஏதோ ஒரு கண்ணாடி. கருவியில் பாஸ், கட்டடத்தில் ஃபெயில். இப்போது அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, எந்தக் கண்ணாடி, எந்தச் சிமெண்ட், எந்த நிறக் கூரை என்று வைத்து இந்தக் கணக்கு போடப்பட்டது என்பது பெரிய எழுத்தில் வரும். வாங்கப் போகிறவர் கையில் எடுத்துப் போகட்டும் என்று. எடுத்துப் போகிறார்களா என்பது வேறு விஷயம்.

“ஏஐ ஓடுறதுக்கே கரண்ட் செலவாகுதே, அதைக் கணக்குல சேத்தீங்களா?” என்று எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. ஏஐயைப் படிக்க மட்டும் வைத்த பிறகு ஒரு வீட்டுக்கு அதை அழைப்பது கணிசமாகக் குறைந்துவிட்டது. ஒரு மேற்கு ஜன்னலைச் சின்னதாக்கினால் அதற்கு ஈடாகிவிடும் என்று நம்புகிறேன். ஜன்னல் சின்னதாகாவிட்டால் அந்தச் செலவும் தண்டம்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகள் ஆர்க்கிடெக்ட் வழியாக வருவதில்லை. மேஸ்திரி ஒருவர், பக்கத்துத் தெருவில் கட்டிய வீட்டின் பிளான், அதில் பூஜை அறையை மட்டும் இடம் மாற்றியது. அவருக்கு எங்கள் கருவி எட்டாது. நண்பன் போன மாதத்திலிருந்து வாட்ஸ்அப்பில், குரலிலேயே கேட்டு பதில் சொல்லும் ஒன்றைச் செய்து பார்க்கிறான். ‘சென்ட்ரிங் எத்தனை நாள்ல பிரிக்கலாம்’ என்றுதான் இதுவரை அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். பிபிசியில் இறுகுவது கொஞ்சம் தாமதம் என்பதால் அந்தக் கேள்வியும் ஒருவகையில் எங்கள் கணக்குக்குள் வருவதுதான், பார்க்கலாம்.

சென்ற வாரம் மேலூர்ப் பக்கம் ஒரு வீடு வந்தது. மதுரைக்கார ஆர்க்கிடெக்ட், இளைஞர், எல்லா வரியையும் பொறுமையாகச் சரிபார்த்து அனுப்பியிருந்தார். பட்டை அகலமாக நின்றது. கீழே வாக்கியம்: பெரிய சந்தேகம் செங்கல்லில். கேள்வி: ‘இந்தச் செங்கல்லை எந்த எரிபொருளில் சுட்டார்கள்?’ அவருக்குத் தெரியவில்லை, காளவாசல்காரர் எண்ணைக் கொடுத்தார். நண்பன் ஸ்பீக்கரில் போட்டான்.

“அண்ணே, நீங்க குடுத்த செங்கல் எதுல சுட்டது?”

“ஏண்ணே, வேகாம வந்துருச்சா?”

“இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஒரு கணக்குக்குக் கேக்குறோம்.”

“வெறகுதாண்ணே. கருவேலமரம். மழைக்கு வெறகு நனஞ்சு போச்சுன்னா கொஞ்சம் நிலக்கரி சேப்போம். ஒங்களுக்கு வந்தது மாசியில சுட்டது, அதுல கரி இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “கம்ப்ளெய்ண்ட் ஏதும் இல்லையே?” என்றார்.

இல்லை என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் வைத்தார். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால் அந்த விறகின் புகையை நிலக்கரிப் புகையோடு ஒரே வரிசையில் வைக்கலாமா என்பதில் எனக்கும் நண்பனுக்கும் இன்னும் சண்டை இருக்கிறது, அதனால் இரண்டு வரிசையாகக் காட்டுகிறோம். ‘விறகு, கருவேலம், மாசி’ என்று அந்தக் கட்டத்தில் தட்டினோம். பட்டை இரண்டு பக்கமும் உள்ளே நகர்ந்தது. கீழே வாக்கியம் மாறியது: பெரிய சந்தேகம் கம்பியில்.

நண்பன் மதுரைக்காரருக்கு மறுபடி போன் போட்டான், கம்பிக் கடை எண் கேட்க.